பெயர் வெட்டிய தட்டு

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ் கேன்டீன். பக்கத்து இருக்கைக்காரி, கோயம்புத்தூர்ப் பெண், பருப்புக் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "தினமும் பூந்தமல்லில இருந்து வர்றியே, அங்க பார்க்கறதுக்கு என்னதானுங்க இருக்குது? பஸ் ஸ்டாண்டு, மெட்ரோ தூணு, டிராஃபிக்கு. வேற?"

எனக்குச் சுருக்கென்றது. தயிர்சாதக் கையை மடக்கிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குப் பெருமாள் கோயில். அங்கிருந்து பள்ளிவாசல் தெரு, கோல்கொண்டா காலத்துக் கட்டடம், உள்ளே ஒரு கல்லில் பாரசீக எழுத்து. வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரம் அடித்த இடம். கடைத்தெருவில் கறி சமோசா, அப்புறம் பரோட்டாவுக்குள் முட்டை வைத்து மடித்த லாப்பா, முகூர்த்த நாளாக இருந்தால் கல்யாண மண்டபங்களின் சீரியல் விளக்கு, கடைசியில் பஸ் ஸ்டாண்டு வாசலில் ரோஸ்மில்க். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"ஏ, இதென்ன, மனப்பாடம் பண்ணி வச்ச மாதிரி ஒப்பிக்கறே?" என்றாள் அவள்.

சனிக்கிழமைகளில் ஆபீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு பழைய பூந்தமல்லியைச் சுற்றிக்காட்டினால் என்ன என்பதுதான் அந்த யோசனை. யோசனை வந்த அதே நொடியில் அவள் கேட்டதற்கும் பதில் தெரிந்துவிட்டது. ஆமாம், மனப்பாடம்தான். பத்து வயதில், ஒரு கோடைக்காலம் முழுக்க, இதே வழியை இதே வரிசையில் நானும் அப்பாவும் நடந்து நடந்து மனப்பாடம் செய்திருந்தோம். ஒரே ஒருத்திக்குக் காட்டுவதற்காக.

வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம் ஆகவில்லை, அதற்குள் என்ன மலரும் நினைவு என்று சிரிக்காதீர்கள். நம் வயதுக்காரர்கள் பாதிப் பேர் அப்பா ஓர் ஊர், அம்மா ஓர் ஊர் என்று வளர்ந்தவர்கள்தானே. உங்களுக்குப் புரியும்.

*

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை. எனக்கு ஆவடியில் நல்ல பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது என்பதால் ஐந்தாம் வகுப்பில் என்னை அப்பாவிடம் அனுப்பிவைத்தார்கள். எல்லாரும் சேர்ந்து எடுத்த நல்ல முடிவு அது. என்னைத் தவிர எல்லாரும்.

குவார்ட்டர்ஸ் என்றால் தெரியுமல்லவா? மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரே மாதிரி கட்டடங்கள், சுவரில் கறுப்புப் பெயின்ட்டில் எண், அளவெடுத்து நட்ட மாதிரி மரங்கள். பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் நாங்கள் விட்டுப்போன காற்று அப்படியே உள்ளே நிற்கும். தேங்காய் எண்ணெயும் ஷூ பாலிஷும் கலந்த வாடை. ஃபேனைப் போட்டால்தான் அது நகரும். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், மேல்வீட்டில் ஓர் அம்மா யாரையோ "கை கழுவுனியா?" என்று அதட்டுவாள். நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மேல்வீட்டுக் கேள்விக்கு மெதுவாக, "கழுவிட்டேன்" என்று பதில் சொல்லுவேன். தொழிற்சாலைச் சங்கு ஊதும். சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் ஒரே கூட்டமாக உள்ளே வரும். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் பச்சை டிபன் கேரியர் பையைத் தேடுவதுதான் என் விளையாட்டு. ஓவர்டைம் நாட்களில் கூட்டம் வந்து தீர்ந்துவிடும், பை வராது.

அதுவரை விடுமுறைக்கு நாங்கள்தான் ரயில் ஏறிப் போவோம். அந்த வருடம் அப்பா போனில் தைரியம் வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டார், இடமாறுதல் கலந்தாய்வில் இந்தப் பக்கம் கேட்கலாமே என்று. ஸ்பீக்கரில் அம்மா குரல் எனக்கும் கேட்டது.

"அங்க வந்து என்னத்தப் பாக்க? ஒரு கோயில் உண்டுமா, ஒரு கடைத்தெரு உண்டுமா? கம்பிவேலியும் கம்பெனியும். சாயங்காலமானா எங்க போயி உக்கார?"

பிறகு அம்மாவே கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சரி, மே மாசம் வந்து பாக்கேன்."

போனை வைத்ததும் அப்பா என்னைப் பார்த்தார். "ஏட்டி, வந்து பாக்கேன்னுட்டா. என்னத்தக் காட்டுவோம்?"

*

காட்டுவதற்கு அப்பா கண்டுபிடித்த ஊர்தான் பூந்தமல்லி. ஆவடியில் பஸ் ஏறினால் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, பூந்தமல்லி எல்லையில் கரையான்சாவடி வந்து இறங்கலாம். சங்கு ஊதிய கையோடு வந்து முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, "கிளம்புட்டீ" என்பார். முதல் சில நாள் வெறுமனே சுற்றினோம். பிறகு அது பாடம் மாதிரி ஆகிவிட்டது. எந்தத் தெரு முதலில், எந்த இடத்தில் நின்று எதைச் சொல்ல வேண்டும், எங்கே அம்மாவுக்குக் கால் வலிக்கும், அங்கே உட்கார என்ன இருக்கிறது.

பெருமாள் கோயிலில் பூக்கட்டும் அக்காவிடம் அப்பா ஒரு கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இந்த ஊர்ப் பக்தர் ஒருவர் தினமும் காஞ்சிபுரம் வரைக்கும் நடந்துபோய்ப் பெருமாளுக்குப் பூ கொடுத்துவிட்டு வருவாராம். வயதாகி நடை தளர்ந்தபோது, நீ வரவேண்டாம், நான் வருகிறேன் என்று பெருமாளே கிளம்பி இங்கே வந்துவிட்டாராம். அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பெருமாளே வந்திருக்கிறார், பாளையங்கோட்டையிலிருந்து அம்மா வரமாட்டாளா?

"இந்தத் திருப்பத்துல அவ கேப்பா, இது எந்தக் காலத்துக் கட்டடம்னு. நீதான் சொல்லணும்" என்பார் அப்பா பள்ளிவாசல் பக்கத்தில்.

"கோல்கொண்டா சுல்தான் காலம்."

"சத்தமா."

"கோல்கொண்டா சுல்தான் காலம்!"

அத்தர் கடைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அவர் கடை வாசனை, அடுத்து சமோசாச் சட்டியின் வெங்காய வாசனை, அதைத் தாண்டினால் பழத் தள்ளுவண்டிகளில் பழுத்து வெடித்த முலாம்பழம். கண்ணை மூடிக்கொண்டு என்னால் வழி சொல்ல முடிந்தது. இருட்டத் தொடங்கியதும் ஜவுளிக்கடை பொம்மைகளின் மேல் விளக்கு விழும். டிரங்க் ரோட்டில் லாரிகள் காஞ்சிபுரம் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். எல்லாரும் யாரோடாவது பேசிக்கொண்டு நடப்பார்கள். நாங்கள் இருவர் மட்டும் அங்கே இல்லாத ஒருத்திக்கு ஊரைக் காட்டிக்கொண்டு நடந்தோம்.

பரோட்டாக் கடையில் எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது. மாஸ்டர் மாவை வீசிக்கொண்டே கத்துவார்: "இன்னா அண்ணாத்தே, தெனம் பாப்பாவோட வந்துகினு கீறே, அண்ணிய மட்டும் இட்டுகினு வர மாட்றியே! ஊட்ல பூட்டி வெச்சிகிறியா?"

"மே மாசம் வாரா."

"வரட்டும், வரட்டும். லாப்பா ஒண்ணு ஸ்பெஷலா அடிச்சித் தரேன். துன்ட்டு ஊருக்கே போவ மாட்டாங்கோ."

அந்த வாக்கு எனக்குப் பெரிய நம்பிக்கையாக இருந்தது.

முகூர்த்த நாட்களில் மண்டப வாசல்களில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் சிவப்பு, பச்சை விளக்கில் எரியும். நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஒருநாள் அப்பா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "ஒரே பலகையில ரெண்டு பேரையும் சேத்துப் போட்டுட்டானுவ" என்றார். பிறகு, "யாருக்கு எந்த ஊர்ல வேலையோ" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

*

அம்மா வருவதற்கு முந்தின வாரம் கடைத்தெருவில் பாத்திரக் கடைக்குப் போனோம். எங்கள் வீட்டில் தட்டு இரண்டுதான். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எனக்கு.

"அவளுக்குன்னு ஒரு தட்டு நம்ம வீட்டுல இருக்கணும்லா" என்றார் அப்பா.

நல்ல கனமான எவர்சில்வர் தட்டு, விளிம்பில் பூ வேலை. கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் பேனா மாதிரி ஒரு மின்சாரக் கருவி, அழுத்தினால் டுர்ர்ர் என்று பல் கூசும்.

"இன்னா பேரு சார்?"

அப்பா அம்மாவின் பெயரைச் சொன்னார்.

"சரி. குடுக்கறது யாரு?"

"குடுக்கிறதா? அதெல்லாம் வேண்டாம். பேரு மட்டும் போதும்."

"இன்னா சார் நீ, பேரு மட்டும் மொட்டையா வெட்னா நல்லாவா கீது? கல்யாண ஊட்ல ஆயிரம் தட்டு வரும், யாரு வெச்சதுன்னு தெரிய வேணாம்?"

"கல்யாணம் இல்லப்பா."

"அப்போ காதுகுத்தா?"

அப்பா காது சிவந்துவிட்டது. "வீட்டுக்காரிக்கு" என்றார்.

"அட்ரா சக்கை!" என்று அவர் கடைக்குள்ளே இருந்தவரைக் கூப்பிட்டார். "நைனா, இங்க பாரு, சாரு பொண்டாட்டிக்குத் தட்டு எடுத்துகினு போறாரு. நீ எப்பனா எடுத்துக் குடுத்துகிறியா?" உள்ளேயிருந்து ஒரு செருமல் வந்தது. அவர் அப்பா பக்கம் திரும்பினார். "பொண்டாட்டிக்குன்னா கண்டிப்பா போடணும் சார். 'அன்புடன்'னு போட்டு உன் பேரு, கீழ பாப்பா பேரு. பாத்தாங்கன்னா அப்டியே உருகிப் பூடுவாங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். என் பெயர் தட்டில்! டுர்ர்ர். மூன்று பெயர்களும் ஒரே தட்டில், மண்டப வாசல் பலகை மாதிரி. பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துக்கொண்டு எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன்.

*

அம்மா வந்தாள். ரயில் வாடையும் பிச்சிப்பூ வாடையுமாக வந்தாள். அன்றைக்கே அந்தத் தட்டில் சோறு போட்டோம். எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "பவுசுதான்" என்று சிரித்தாள். விரலால் தடவினாள். அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார்.

சாப்பிட்டு முடித்து அம்மா தட்டைக் கழுவ எழுந்தாள். அப்பா வாங்கிக்கொண்டார். "நீ உக்காரு. லீவுக்கு வந்துட்டு வேலை செய்யணுமாக்கும்?" மறுநாள் அவள் விளக்குமாற்றை எடுத்தாள், நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அடுப்படிக்குப் போனால் அப்பா முன்னாலேயே நின்றார். உப்பு எங்கே என்று அவள் கேட்டால், இடத்தைச் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தோம். அவளுக்குப் புதுத் துண்டு, புதுச் சோப்பு, கட்டில். நாங்கள் இருவரும் தரையில். இரண்டாம் நாளே அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கிற கையோடு நான் அம்மாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவள் ரொம்பச் சந்தோஷமாக ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு அந்தச் சாயங்காலம். எல்லாம் ஒத்திகை பார்த்தபடியே நடந்தது. காற்றுகூட வந்தது. பெருமாள் கதையை அப்பா திக்காமல் சொன்னார். பள்ளிவாசல் திருப்பத்தில் அம்மா எதுவும் கேட்கவில்லை, இருந்தாலும் நான் சத்தமாகச் சொன்னேன். "அப்படியா" என்றாள். சமோசாவுக்கு "அப்படியா", பட்டாளத்துக்கு "அப்படியா". ஒரு காய்க்கடையில் மட்டும் நின்று, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, விலை கேட்டாள். "அது எதுக்கு இப்ப? லேட்டாவுது, வா" என்று அப்பா இழுத்துக்கொண்டு போனார். காய்க்கடை எங்கள் வரிசையில் இல்லை.

பரோட்டாக் கடை மாஸ்டர் கல்லை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். "வா அண்ணி! உன்னப் பத்தி பேசாத நாளே இல்ல. ஊரு எப்டி கீது? புட்ச்சிகீதா? எப்போ ரிட்டனு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இப்போதும் அப்படியே இருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்தாள், அப்பா பேசட்டும் என்று காத்திருப்பவள் மாதிரி.

அப்பா உற்சாகமாகச் சொன்னார்: "ஸ்கூல் திறக்கதுக்கு இன்னும் நாள் கெடக்குல்லா. மெதுவா போவா. அதுக்குள்ள மகாபலிபுரமும் காட்டிருவோம்."

அம்மா தலையைக் குனிந்து லாப்பாவைப் பிய்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், நடுவில் நான். ஏரிக்காற்று வந்தபோது சொன்னாள்: "நல்ல ஊருதான். பாக்க வாரவங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நானும்தான்.

*

பள்ளி திறக்கும் முன் அம்மா கிளம்பினாள். பெட்டி கட்டும்போது அந்தத் தட்டை எடுத்துத் துடைத்து, புதுத் துண்டில் சுற்றிச் சேலைகளுக்கு நடுவே வைத்தாள்.

"அம்மா, தட்டு?"

"எனக்குத் தந்ததுதானட்டீ?"

தந்ததுதான். தட்டிலேயே எழுதியிருந்தது, இன்னாருக்கு இன்னார் அன்புடன் என்று. கொடுத்ததை எடுத்துக்கொண்டு போவதுதானே முறை. அப்பாவே பெட்டியை அமுக்கி மூடிக் கொடுத்தார். ரயிலேற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தபோது உள்ளே பிச்சிப்பூ வாடை நின்றிருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு நான் தட்டெடுக்கப் போனேன். அடுக்கில் இரண்டு தட்டு.

அம்மா இடமாறுதல் கேட்கவில்லை. அப்பா அதைப் பற்றி மறுபடி பேசவுமில்லை. அதற்குப் பிறகும் நாங்கள் மூன்று பேரும் விடுமுறைகளில் மட்டுமே ஒரு குடும்பமாக இருந்தோம். பூந்தமல்லிக்குச் சுற்றப் போவதும் நின்றுபோனது. ஊர் பிடிக்கவில்லை, அதனால் அம்மா வரவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பத்து வயதில் அந்த ஊர்மேல் எனக்கு ஒரு கோபம்கூட இருந்தது. இன்னும் பழையதாக இருந்திருக்கக் கூடாதா, இன்னும் கொஞ்சம் அழகாக?

போன தீபாவளிக்குப் பாளையங்கோட்டை போயிருந்தேன். அம்மா எனக்கு அந்தத் தட்டில் சோறு போட்டாள். தேய்த்துத் தேய்த்து எழுத்தெல்லாம் மங்கியிருந்தது.

"ஏம்மா, அன்னைக்கு ஊரு உனக்குப் பிடிக்கவே இல்லையா?"

அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஊரு என்ன செய்யும் பாவம்? இருந்திருன்னு ஒரு வார்த்தை யாரும் சொன்னியளா? ஒரு பாத்திரம் கழுவ விட்டியளா? கூட்டிட்டுப் போயி கூட்டிட்டுப் போயி காமிச்சியோ. நம்ம வீட்டுக்கு வாரவங்கள என்ன செய்வோம்? உக்கார வைப்போம், ஊரச் சுத்திக் காமிப்போம், கையில ஒரு பாத்திரத்தக் குடுத்து அனுப்புவோம். எனக்கும் அதத்தான் செஞ்சியோ. சரி, பாத்தாச்சு, கிளம்பணும் போலன்னு கிளம்பிட்டேன்."

"நாங்க உன்ன இருக்க வைக்கத்தானே..."

"தெரியும் போ" என்றாள். "இப்பத் தெரியும்." வெங்காயத்தோலை ஊதிவிட்டாள். அவ்வளவுதான்.

*

இந்த மாதக் கடைசியில் அம்மா ஓய்வு பெறுகிறாள். அப்பா இரண்டு வருடம் முன்பே ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பூந்தமல்லியில் என்னோடு ஃபிளாட்டில் இருக்கிறார். எங்கள் பால்கனிக்கு எதிரே மெட்ரோ தூண். நேற்று போனில் அப்பா கேட்டார், ரிட்டயர் ஆனதும் எப்போ வருகிறாய் என்று. அந்தப் பக்கத்திலிருந்து அதே குரல், அதே வார்த்தை.

"வந்து பாக்கேன்."

போனை வைத்துவிட்டு அப்பா என்னைப் பார்த்தார். தலை முழுக்க வெள்ளை, முகத்தில் அதே திகில். "பெருமாள் கோயில் கோபுரத்துக்குப் புதுசா வர்ணம் அடிச்சிருக்கான்ட்டீ, அதக் காட்டலாம். மெட்ரோவுல ஒரு ரவுண்டு. பரோட்டாக் கடை இருக்கான்னு பாக்கணும்..."

"ஒண்ணையும் காட்ட வேண்டாம்ப்பா" என்றேன்.

சுற்றிக் காட்டுவதற்குத்தான் கோயம்புத்தூர்க்காரி இருக்கிறாளே. வருகிற சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியே முழுக்க நடக்கப் போகிறேன், விளக்கேற்றும் நேரத்திலிருந்து ரோஸ்மில்க் வரை. அவள் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறவள். ஆனால் அதற்கு முன்னால் பாத்திரக் கடை. பெயர் வெட்டுகிறவர் இன்னும் இருக்கிறாரா தெரியாது, வேறு யாராவது இருப்பார்கள். புதிதாக எதுவும் வாங்கப் போவதில்லை. எங்கள் அடுப்படியில் இருக்கிறதையெல்லாம், குக்கர், நெளிந்த குழம்புச் சட்டி, கரண்டிகள், காப்பி டவரா வரைக்கும், சாக்கில் கட்டிக்கொண்டுபோய் அம்மாவின் முதலெழுத்தை மட்டும் வெட்டி வாங்கி வரப் போகிறேன். கொடுக்கிறது யார் என்று கேட்டால் யாரும் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அம்மா வந்து பார்த்ததும் திட்டுவாள், நல்ல பாத்திரத்தையெல்லாம் கீறிவச்சிருக்கியே என்று. திட்டிக்கொண்டே கழுவட்டும். உப்பு எங்கே என்று கேட்டால் தேடிக்கொள் என்று சொல்வதாக நானும் அப்பாவும் பேசி வைத்திருக்கிறோம்.

சாக்கு வாசலில் பாதி நிரம்பி நிற்கிறது. இதை எழுதி முடிக்கும் நேரத்தில் அப்பா அடுப்படியிலிருந்து மாவுச் சல்லடையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"ஏட்டி, இதுல எங்கன வெட்டுறது?"